நுரையீரல் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி: பயாப்ஸி முதல் கடைசி டிரிப் வரை

“சிஸ்டர், இது கீமோதானே? முடி கொட்டுமா?”

புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை செய்கிறேன். டிரிப் ஏற்றும் நாற்காலியில் முதன்முதலாக வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேராவது இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். இது கீமோ இல்லை, இம்யூனோதெரபி. தனியாகக் கொடுத்தால் முடி கொட்டாது, வாந்தியும் பெரும்பாலும் இருக்காது. இதைச் சொன்னதும் அவர்கள் முகம் தெளிந்துவிடும். அந்தத் தெளிவைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனாலும் அடுத்த வாக்கியத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்: இந்த மருந்தின் பக்கவிளைவு வேறு முகத்தோடு வரும், சாதாரண வயிற்றுப்போக்கு, சாதாரண இருமல், சாதாரண அசதி போலவே வரும். அதை அடையாளம் காணத் தெரிந்த குடும்பத்துக்கு இந்தச் சிகிச்சை பாதுகாப்பானது. தெரியாவிட்டால் ஆபத்து. இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மருந்து என்ன செய்கிறது

நம் இரத்தத்தில் டி செல்கள் என்ற காவல் அணுக்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அந்நியக் கிருமியைக் கண்டால் தாக்கும். சொந்த உடம்பைத் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக அவற்றின் மேல் சில பிரேக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று பிடி-1. ஒரு செல் தன் மேற்பரப்பில் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டினால், டி செல்லின் பிடி-1 அதோடு பொருந்தி, தாக்குதல் நின்றுவிடும். புற்றுநோய் செல்கள் பலவும் இதே புரதத்தைப் போர்த்திக்கொண்டு தப்பித்துவிடுகின்றன.

பிடி-1 புரதத்தை 1992-இல் கண்டறிந்தது ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹோன்ஜோவின் குழு. சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கை விலக்கினால் புற்றுநோயைத் தாக்க முடியும் என்று காட்டியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசன். இருவருக்கும் 2018-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இம்யூனோதெரபி மருந்துகள் புற்றுநோயை நேரடியாகக் கொல்வதில்லை. பிரேக்கை விடுவிக்கின்றன, அவ்வளவுதான். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் பிடி-1-ஐ மறிக்கும். அட்டெசோலிசுமாப், துர்வாலுமாப் இரண்டும் பிடி-எல்1-ஐ மறிக்கும். இபிலிமுமாப் சிடிஎல்ஏ-4-ஐ மறிக்கும். பிரேக் விடுபட்ட டி செல்கள் புற்றுநோயைத் தாக்கும்போது சில சமயம் குடலையும் தைராய்டையும் நுரையீரலையும் சேர்த்துத் தாக்கிவிடுகின்றன. பக்கவிளைவுகள் எல்லாமே இந்த ஒரு காரணத்திலிருந்து கிளைப்பவை.

முதல் படி: திசுவைப் பத்திரப்படுத்துங்கள்

ஊசி வழியே எடுக்கும் பயாப்ஸி, தீக்குச்சி முனை அளவுத் துணுக்குகளைத்தான் தரும். அதிலிருந்தே இது எந்த வகைப் புற்றுநோய், பிடி-எல்1 எவ்வளவு, மரபணு மாற்றம் உண்டா என்ற மூன்று கேள்விக்கும் பதில் வர வேண்டும். அதனால் பயாப்ஸிக்கு முன்பே மருத்துவரிடம், “பிடி-எல்1, மரபணு இரண்டு பரிசோதனைக்கும் போதுமான திசு கிடைக்குமா?” என்று கேட்டுவிடுங்கள். போதாமல் போனால் மறுபடியும் ஊசி குத்த வேண்டி வரும்.

திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பதைத்தான் பிளாக் என்கிறோம். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது ரிப்போர்ட்டுடன் பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். வெயில் காலத்தில் அதைப் பூட்டிய காரின் டாஷ்போர்டில் வைத்துவிடாதீர்கள். மெழுகு இளகினால் உள்ளே இருக்கும் திசு கெட்டுவிடும். கைப்பையில் வைத்துக்கொண்டு போனால் போதும்.

இங்கே இன்னொன்று. நம் நாட்டில் நுரையீரலில் நிழல் தெரிந்தாலே காசநோய் என்று மாத்திரை தொடங்கிவிடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி தென்படாமலே மாத்திரை தொடங்கி, சில வாரங்களில் இருமல் குறையவில்லை என்றால், பயாப்ஸி வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். தாமதமாக வந்தவர்கள் எத்தனையோ பேர் அந்த மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் எங்களிடம் வந்தார்கள்.

இரண்டாம் படி: முடிவு வரும் வரை காத்திருங்கள்

மொத்தச் சிகிச்சையிலும் மனத்தைப் பிசையும் காலம் இதுதான். வீட்டில் எல்லோரும் “சீக்கிரம் தொடங்குங்கள்” என்பார்கள். மரபணு முடிவு வர இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். ஆனாலும் அவசரப்பட்டு இம்யூனோதெரபியைத் தொடங்கக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

இந்தியாவில் அடினோகார்சினோமா (சளி சுரக்கும் செல்களில் தொடங்குவது) வகை நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது. புகை பிடிக்காதவர்களிடமும் பெண்களிடமும் இது கூடுதல். இவர்களுக்கும், ஏஎல்கே மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கும் அந்த மாற்றத்தையே குறிவைக்கும் இலக்கு மருந்துகள் மாத்திரை வடிவில் உண்டு, அவை நன்றாக வேலை செய்யும். இம்யூனோதெரபியோ இவர்களிடம் பெரும்பாலும் எடுபடுவதில்லை. அதைவிட மோசமான சிக்கலும் உண்டு: முதலில் இம்யூனோதெரபி கொடுத்துவிட்டு, அதன் தாக்கம் உடலில் இருக்கும்போதே, இஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான ஒசிமெர்டினிப் மாத்திரையைத் தொடங்கினால் நுரையீரல் அழற்சி தீவிரமாக வரும் வாய்ப்பு கூடுகிறது. முந்திக்கொண்டு கொடுத்த ஒரு டோஸ், பின்னால் வரவிருக்கும் நல்ல மருந்துக்கு முட்டுக்கட்டை ஆகிவிடலாம்.

மூச்சுத் திணறல் அதிகமாகி, காத்திருக்கவே முடியாது என்ற நிலை வந்தால், முடிவு வரும் வரை கீமோவை மட்டும் கொடுத்துவிட்டு, பிறகு இம்யூனோதெரபியைச் சேர்த்துக்கொள்வதை மருத்துவர்கள் செய்வதுண்டு. அந்த வழி இருக்கிறதா என்று கேளுங்கள். திசு போதாவிட்டால் மரபணு மாற்றத்தை இரத்தத்திலும் தேடலாம். பிடி-எல்1-க்குத் திசுதான் வேண்டும்.

மூன்றாம் படி: உங்கள் பாதை எது

ரிப்போர்ட்டில் பிடி-எல்1 சதவீதமாக வரும். 1-க்குக் கீழே, 1 முதல் 49 வரை, 50 அல்லது அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். இதுவும், நோயின் வகையும் (சிறு செல், சிறு செல் அல்லாதது என்று இரண்டு பெரிய வகை), அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லும் நிலையும் சேர்ந்துதான் பாதையைத் தீர்மானிக்கின்றன.

நான்காம் நிலை (மற்ற உறுப்புகளுக்கும் பரவியது), சிறு செல் அல்லாத வகை, பிடி-எல்1 50 அல்லது அதற்கு மேல், இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மாற்றம் இல்லை என்றால் கீமோ இல்லாமல் பெம்ப்ரோலிசுமாப் மட்டுமே போதுமா என்ற கேள்விக்கு இடம் உண்டு. கீநோட்-024 என்ற ஆய்வில் இப்படித் தொடங்கியவர்களில் ஐந்தாண்டு கழித்து 100-க்கு 32 பேர் உயிரோடு இருந்தார்கள். கீமோவில் தொடங்கியவர்களில் 16 பேர். நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோயில் ஐந்தாண்டு என்பதே அரிதாக இருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இந்த எண் எவ்வளவு பெரியது என்று புரியும். ஆனால் மீதி 68 பேரும் அதே மருந்தை எடுத்தவர்கள்தான். இதையும் குடும்பத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நம்பிக்கை கொடுக்கிறேன் என்று பாதி உண்மையை மறைப்பது, பின்னால் அவர்களை இன்னும் ஆழமாகக் காயப்படுத்துகிறது.

பிடி-எல்1 குறைவாக இருந்தால் கீமோவோடு சேர்த்துக் கொடுப்பார்கள். சிறு செல் அல்லாததிலேயே, செதிள் செல் அல்லாத வகையில் (அடினோகார்சினோமா போன்றவை) அந்தச் சேர்க்கையை ஆராய்ந்த கீநோட்-189 ஆய்வில் ஐந்தாண்டு கடந்தவர்கள் 100-க்கு 19 பேர், கீமோ மட்டும் எடுத்தவர்களில் 11 பேர்.

மூன்றாம் நிலையில் அறுவைச் சிகிச்சைக்கு வாய்ப்பில்லை என்றால் கதிர்வீச்சும் கீமோவும் ஒன்றாக முடிந்த பிறகு துர்வாலுமாப் ஓராண்டுக்கு. பசிபிக் என்ற ஆய்வில் அப்படி எடுத்தவர்களில் ஐந்தாண்டு கடந்தவர்கள் 100-க்கு 43 பேர், துர்வாலுமாப் எடுக்காதவர்களில் 33 பேர். அறுவைக்கு வாய்ப்புள்ளவர்களுக்கு, அறுவைக்கு முன்பே நிவோலுமாபும் கீமோவும் மூன்று சுற்று கொடுக்கும் முறை 2022 முதல் வந்திருக்கிறது. செக்மேட்-816 ஆய்வில் அப்படி எடுத்தவர்களில் 24 சதவீதம் பேருக்கு, அறுவையில் எடுத்த பகுதியைச் சோதித்தபோது உயிருள்ள புற்றுநோய் செல் ஒன்றுகூட இல்லை. கீமோ மட்டும் எடுத்தவர்களில் அது 2 சதவீதம். ஆகவே அறுவைக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே புற்றுநோய் மருந்தியல் மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சிறு செல் வகையில் பலன் அடக்கமானது. பரவிய நிலையில் கீமோவோடு அட்டெசோலிசுமாப் சேர்த்தபோது, பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம் 10.3 மாதத்திலிருந்து 12.3 மாதமாக உயர்ந்தது. மார்புக்குள்ளேயே நிற்கும் நிலையில் கீமோவும் கதிர்வீச்சும் முடிந்தபின் துர்வாலுமாப் கொடுத்தபோது கிடைத்த பலன் இதைவிடப் பெரிது: 33.4 மாதத்திலிருந்து 55.9 மாதம்.

நான்காம் படி: தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை, இசிஜி, ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றைப் பார்த்துவிடுவார்கள். பின்னால் ஏதாவது மாறினால் ஒப்பிட இந்த முதல் எண்கள் தேவை. அந்தத் தாளைத் தனியாக வைத்திருங்கள்.

இரத்தப் பரிசோதனையில் தெரியாதவற்றை நீங்கள்தான் சொல்ல வேண்டும். முடக்குவாதம், சொரியாசிஸ், லூப்பஸ் போல உடல் தன்னையே தாக்கும் நோய் உண்டா? எப்போதாவது காசநோய் வந்ததா? சிறுநீரக மாற்று அறுவை நடந்ததா? மாற்று உறுப்பை உடல் நிராகரித்துவிடும் அபாயம் இருப்பதால் கடைசிக் கேள்வி மிக முக்கியம். மூட்டுவலிக்கென்று மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கலாம், அது இம்யூனோதெரபியின் வேலையை மட்டுப்படுத்தக்கூடும். அந்த அட்டையைக் கொண்டுவந்து காட்டுங்கள். நாட்டு மருந்து எடுக்கிறீர்கள் என்றால் தயங்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். நாளைக்குக் கல்லீரல் எண் ஏறினால் காரணம் எது என்று தேட வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: பணம்

ஒரு டோஸின் விலை லட்சத்தையும் தாண்டலாம், பல டோஸ் தேவை. எனவே முதல் குப்பியை வாங்குவதற்கு முன்பே மூன்று கேள்விகள்: மருந்து நிறுவனத்தின் நோயாளி உதவித் திட்டம் உண்டா? எத்தனை டோஸ் வாங்கினால் எத்தனை இலவசம்? காப்பீட்டில் இந்த மருந்து சேருமா? வாங்கிவிட்டுப் பிறகு பதிவு செய்யப் போனால், முதலில் வாங்கியதைக் கணக்கில் எடுக்காமல் போகலாம். பில் அனைத்தையும் அசலாக வைத்திருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்கள் மருத்துவமனையில் உள்ள அந்தத் திட்டத்தின் மேசையிலேயே நேரில் கேட்பது நல்லது. பெம்ப்ரோலிசுமாபுக்கு 2023-இலும் துர்வாலுமாபுக்கு 2024 பட்ஜெட்டிலும் சுங்க வரி நீக்கப்பட்டது. எனவே பழைய விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், புதிதாக விசாரியுங்கள்.

குறைந்த அளவு மருந்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாபை மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 100-க்கு 43 பேர், நிவோலுமாப் இல்லாமல் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 16 பேர். நம் நாட்டில் நடந்த அருமையான ஆய்வு இது. ஆனால் அது தலை, கழுத்துப் புற்றுநோய்க்கானது. நுரையீரலுக்கு அதே உறுதியோடு சொல்ல முடியாது. முழு அளவு கைக்கெட்டாது என்ற நிலையில் மருத்துவரிடம் மனம் திறந்து பேச இது ஒரு வாசல்.

முதல் டோஸுக்காக நிலத்தை விற்காதீர்கள். எத்தனை மாதம் தொடர முடியும் என்று முதலில் கணக்குப் பார்த்து, அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு டோஸோடு நிற்கப் போகிற சிகிச்சையைவிட, முழுதாக முடிக்கக்கூடிய கீமோ நல்ல முடிவாக இருக்கலாம். அப்படி முடிவெடுத்த பிள்ளைகள் யாரும் பெற்றவருக்குத் துரோகம் செய்தவர்கள் அல்லர்.

விலை இவ்வளவு இருக்கும் இடத்தில் போலியும் வரும். 2024 மார்ச்சில் டெல்லி காவல் துறை ஒரு கும்பலைப் பிடித்தது. விலை உயர்ந்த புற்றுநோய் மருந்துகளின் காலிக் குப்பிகளைச் சேகரித்து, பூஞ்சைக்கான மருந்தை நிரப்பி விற்றிருக்கிறார்கள். தள்ளுபடி தருகிறேன் என்று தொலைபேசியில் பேசுகிறவரிடம் வாங்காதீர்கள். பில்லில் உள்ள பேட்ச் எண்ணும் குப்பியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வெளியில் வாங்கினால் 2 முதல் 8 டிகிரி குளிரில், ஐஸ் பெட்டியில் வர வேண்டும். ஐஸ் கட்டியின் மேல் நேராக வைத்து உறைய விடக் கூடாது. மருந்து ஏற்றி முடிந்ததும், காலிக் குப்பியின் லேபிளைக் கிழித்துவிடச் சொல்லுங்கள். நான் மார்க்கரால் லேபிள் முழுக்க அடித்து, குடும்பத்தாரிடம் காட்டிவிட்டுத்தான் குப்பையில் போடுவேன்.

ஆறாம் படி: டிரிப் ஏற்றும் நாள்

இது எளிமையான நாள். வெறும் வயிற்றோடு வர வேண்டாம், இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இரத்தப் பரிசோதனையை முந்தின நாளே கொடுத்துவிட்டால் காத்திருப்பு குறையும். பெம்ப்ரோலிசுமாப் 200 மில்லிகிராம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அல்லது 400 மில்லிகிராம் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரத்தில் ஏறிவிடும். தூரத்து ஊரிலிருந்து வருகிறவர்கள் ஆறு வார முறை பொருந்துமா என்று கேட்கலாம். துர்வாலுமாபுக்கு ஒரு மணி நேரம். ஏறும்போது குளிர் நடுக்கம், அரிப்பு, மூச்சு இறுக்கம் எது வந்தாலும் உடனே கூப்பிடுங்கள், “முடியட்டும்” என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். முந்தின நாள் காய்ச்சலோ புதிய இருமலோ இருந்தால் அதையும் வந்தவுடன் சொல்லிவிட வேண்டும்.

ஏழாம் படி: வீட்டில்

எல்லாவற்றையும்விட முக்கியமான படி இது.

கிராமத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். நான்காவது டோஸ் முடிந்து போனவருக்கு வயிற்றுப்போக்கு. பக்கத்து ஊர் மருத்துவர் ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரை கொடுத்தார். நிற்கவில்லை, வேறு மாத்திரை. பத்து நாள் கழித்து எங்களிடம் வந்தபோது அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. குடல் முழுக்கப் புண். அந்த மருத்துவர் மேல் தப்பில்லை. அவரிடம் இம்யூனோதெரபி என்ற சொல்லை யாரும் சொல்லவேயில்லை. புற்றுநோய் என்று சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார்கள். பெரியவர் பிழைத்தார், ஆறு வாரம் ஸ்டீராய்டில்.

அதே மாதம் இன்னொரு அம்மா. கணவருக்குத் துணையாக வருகிறவர், கோடு போட்ட பள்ளி நோட்டு ஒன்று வைத்திருப்பார். ஒவ்வொரு நாளும் ஒரு வரி: மலம் எத்தனை முறை, மாடிப்படி ஏறும்போது எத்தனையாவது படியில் நின்றார், தண்ணீர் எவ்வளவு குடித்தார். ஒரு நாள் காலையில் போன் செய்தார். “சிஸ்டர், நேற்று வரை பன்னிரண்டு படியும் நிற்காமல் ஏறினார். இன்றைக்கு ஏழாவது படியிலேயே நின்றுவிட்டார்.” அன்றே ஸ்கேன் எடுத்ததில் நுரையீரல் அழற்சி தொடக்க நிலையில் இருந்தது. மாத்திரையிலேயே அடங்கிவிட்டது.

அந்த நோட்டை நீங்களும் தொடங்குங்கள். கவனிக்க வேண்டியவை இவை.

வயிறு: வழக்கத்தைவிட நாளொன்றுக்கு நான்கு முறை கூடுதலாகப் போனாலோ, இரத்தம், சளி தெரிந்தாலோ அன்றே பேசுங்கள். ஏழு முறை கூடுதல் என்றால் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

மூச்சு: புதிய வறட்டு இருமல், நடையில் இளைப்பு, ஆக்சிமீட்டரில் வழக்கத்தைவிடக் குறைந்த எண். நுரையீரலில் ஏற்கெனவே நோய் இருப்பதால் “அதனால்தான்” என்று விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள்.

தாகம்: திடீரென்று தாகம், அடிக்கடி சிறுநீர், எடைக் குறைவு. நம் வீடுகளில் சர்க்கரை நோய் சகஜம் என்பதால் யாரும் பதற மாட்டார்கள். ஆனால் இந்த மருந்தால் வரும் சர்க்கரை சில நாட்களிலேயே உச்சத்துக்குப் போய் மயக்கத்தில் தள்ளும், இன்சுலின் தேவைப்படும்.

அசதி: தைராய்டு குறைவது இந்தச் சிகிச்சையில் சகஜம். தினம் ஒரு மாத்திரையோடு இம்யூனோதெரபியைத் தொடரலாம். அசதியோடு தலைசுற்றல், வாந்தி, குறைந்த இரத்த அழுத்தம் சேர்ந்தால் சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பியைச் சோதிக்க வேண்டும், அது அவசரம்.

நெஞ்சு வலி, படபடப்பு, இமை தொங்குதல், இரட்டைப் பார்வை: அரிது, ஆனால் இதயத் தசையிலோ நரம்பும் தசையும் சேரும் இடத்திலோ வந்த அழற்சியாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. நடு இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால் கல்லீரல். தோலில் அரிப்பு, தடிப்பு பலருக்கும் வரும், களிம்பிலேயே பெரும்பாலும் அடங்கும். கொப்புளம் வந்தாலோ வாய் புண்ணானாலோ காத்திருக்கக் கூடாது.

ஒரு சிறு அட்டையில் மருந்தின் பெயர், கடைசி டோஸ் தேதி, மருத்துவமனைத் தொலைபேசி எண் எழுதி, கீழே இந்த வரியைச் சேர்த்துப் பர்ஸில் வையுங்கள்: “நான் இம்யூனோதெரபி எடுத்து வருகிறேன், இது கீமோ அல்ல, எனக்கு வரும் எந்தப் புதிய தொல்லையும் இந்த மருந்தால் வந்த அழற்சியாக இருக்கலாம்.” எந்த மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவரிடம்கூட, அதை முதலில் நீட்டுங்கள்.

ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறவர்கள் நிறைய. பக்கவிளைவை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு, இம்யூனோதெரபியின் பலனைத் துடைத்துவிடுவதாகத் தெரியவில்லை. தாமதம்தான் கெடுக்கும். நான்கு முதல் ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் அழற்சி திரும்பும். ஆன்டிபயாடிக் மாத்திரைகளையும் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டாம். சளிக்காய்ச்சல் தடுப்பூசி போடலாம், ஆனால் உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டும்.

எட்டாம் படி: ஸ்கேனும் அதன் பிறகும்

முதல் ஸ்கேன் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில். கட்டி பெரிதாகத் தெரிந்து பிறகு சுருங்கும் நிகழ்வைப் பற்றி இணையத்தில் படித்திருப்பீர்கள். காவல் செல்கள் கட்டிக்குள் குவிவதால் அப்படி ஆவதுண்டு. நுரையீரல் புற்றுநோயில் அது அபூர்வம். ஸ்கேனும் மோசமாகி, நோயாளியும் தளர்ந்துபோனால் மருந்து எடுபடவில்லை என்றே பெரும்பாலும் பொருள். அப்போது அடுத்த சிகிச்சையைப் பற்றிப் பேசுவதற்கும், வலி, மூச்சு நிவாரண மருத்துவரைப் பார்ப்பதற்கும் தயங்காதீர்கள்.

எடுபட்டால் நான்காம் நிலையில் பெம்ப்ரோலிசுமாப் இரண்டாண்டு வரை, மூன்றாம் நிலையில் துர்வாலுமாப் ஓராண்டு. பக்கவிளைவால் பாதியில் நிறுத்த நேர்ந்தவர்களிலும் சிலருக்குக் கட்டி அடங்கியே இருப்பதைப் பார்க்கிறோம். நிறுத்தச் சொன்னதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று உடைந்துபோக வேண்டாம்.

கடைசி டிரிப் முடிந்த நாளில் பலரும் நோட்டையும் அட்டையையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போகப் பார்ப்பார்கள். நான் வாங்குவதில்லை. மருந்து நின்று பல மாதம் கழித்தும், சில சமயம் ஓராண்டு கழித்தும்கூடப் பக்கவிளைவு தலைகாட்டும். அந்த நோட்டு அம்மாவின் கணவருக்குச் சிகிச்சை முடிந்து ஐந்தாவது மாதத்தில்தான் தைராய்டு குறைந்தது. கண்டுபிடித்ததும் அந்த அம்மாதான்: நோட்டில் மூன்று வாரமாக, “மத்தியானமும் தூங்குகிறார்” என்று எழுதியிருந்தார்.